மர விளிம்புப் பட்டை அறுத்தல்

மர விளிம்புப் பட்டை என்பது பலகை, ஒட்டுப்பலகை (பிளைவுட்), கதவு, சன்னல், மேசை முதலியவற்றின் விளிம்பை மூடுவதற்கோ, சட்டத்துக்குள் கண்ணாடியை நிறுத்துவதற்கோ, இரு பரப்புகள் சேரும் இடத்தில் உள்ள இடைவெளியை மறைப்பதற்கோ பொருத்தப்படும் மெல்லிய, நீண்ட மரத்துண்டு ஆகும். தமிழ்நாட்டுத் தச்சர்கள் இதைப் பொதுவாகப் 'பீடிங்' என்பர். ஒட்டுப்பலகையின் விளிம்பில் ஒட்டப்படுவதை 'லிப்பிங்' என்றும் சொல்வதுண்டு. ஓட்டுக் கூரையில் ஓடுகளைத் தாங்கும் 'ரீப்பர்' இதனினும் தடித்தது. அது விளிம்புப் பட்டையில் சேராது.

பட்டை சிறியது என்பதால் அதை அறுப்பது எளிய வேலை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பட்டறையில் இது ஆபத்து மிகுந்த வேலைகளில் ஒன்று. மரம் சிறுத்துக்கொண்டே போகப் போக, அதைப் பிடிக்கும் கை பிளேடை நெருங்கிக்கொண்டே போகிறது. அசையாமல் பிடிக்கப்படாத மெல்லிய பட்டை துள்ளும், அதிரும், பிளக்கும். அறுத்த முகம் கரடுமுரடாவதற்கும் விரல் வெட்டுப்படுவதற்கும் பெரும்பாலும் காரணம் இதுவே.

== அளவுகள் ==

தச்சர் பேச்சில் 1 அங்குலம் 8 நூல் ஆகும். எனவே 1 நூல் என்பது 3 மி.மீ.க்குச் சற்று அதிகம். ஒட்டுப்பலகைக்கான லிப்பிங் பெரும்பாலும் 2 நூல் கனமும் 6 நூல் அகலமும் கொண்டது. அதாவது ஏறக்குறைய 6 மி.மீ. கனம், 19 மி.மீ. அகலம். பலகையின் கனத்தைவிட 1 மி.மீ. அகலம் கூடுதலாக அறுத்து, ஒட்டிய பின் இழைப்புளியால் பலகையோடு சமமாக இழைத்துவிடுவதே வழக்கம். சரியாகப் பலகையின் அளவுக்கே அறுக்கப்பட்ட பட்டை, ஒட்டும்போது ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஒரு பக்கம் பள்ளமாகிவிடும்.

== மரம் ==

தருமபுரி மாவட்டத்தில் வீட்டுத் தச்சுவேலைக்குத் தேக்குடன் வேம்பு, மா, வாகை போன்ற உள்ளூர் மரங்களும் பயன்படுகின்றன. புளியும் மாவும் மாவட்டம் முழுவதும் மிகுதி. ஆனால் உள்ளூரில் கிடைக்கும் மரமெல்லாம் பட்டைக்கு உதவுவதில்லை. புளியின் வைரம் மிகக் கடினமானது. ரம்பத்தின் பல்லை விரைவில் மழுக்கிவிடும். இறைச்சி வெட்டும் கட்டைக்கு அது பெயர்பெற்றதும் அந்தக் கடினத்தால்தான். மாம்பலகை எளிதில் அறுபடும். ஆனால் பூச்சியும் பூஞ்சையும் அதை விரைவில் பற்றும். வேம்பின் வைரத்தைப் பூச்சி அதிகம் தொடுவதில்லை. ஆனால் அதன் நார் பின்னலாக ஓடுவதால் இழைக்கும்போது ஒரு திசையில் வழவழப்பாக வருவது, மறு திசையில் பெயர்ந்து வரும். நார் நேராக ஓடும் தேக்கே பட்டைக்கு ஏற்றது. விலையைக் கருதித் தேக்கைத் தவிர்ப்பவர்கள், வேறு எந்த மரமானாலும் கணு இல்லாததும், நார் பலகையின் நீளத்துக்கு இணையாக ஓடுவதுமான துண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நார் குறுக்கே ஓடும் 6 மி.மீ. பட்டை, அறுத்து முடிவதற்குள் கையிலேயே முறிந்துவிடும்.

பழைய வீட்டைப் பிரித்த மரத்தில் அறுப்பவர்கள் முதலில் ஆணி தேட வேண்டும். தலை உடைந்து உள்ளே புதைந்த ஆணி கண்ணுக்குத் தெரியாது. ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தை நூலில் கட்டிப் பலகையின் மேல் மெதுவாக நகர்த்தினால், ஆணி இருக்கும் இடத்தில் அது இழுபடும். செலவில்லாத இந்தச் சோதனையைப் பலரும் செய்வதில்லை.

== குறித்தல் ==

பென்சில் கோட்டுக்கே ஒரு கனம் உண்டு. கோட்டின் எந்தப் பக்கத்தில் அறுப்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, கழிவுப் பக்கத்தில் ஒரு குறுக்குக்கோடு போட்டுவைக்க வேண்டும். குறுக்கு வெட்டுக்கு, மூலமட்டத்தை வைத்துக் கூர்மையான கத்தியால் நான்கு பக்கமும் கீறுவது பென்சிலைவிட மேலானது. கத்தி மேல் நாரை முன்பே அறுத்துவிடுவதால் ரம்பப் பல் அதைப் பெயர்த்தெடுக்க வழியில்லை. சிலாம்பு (மரச்சிராய்) பெயராத வெட்டுக்குப் பாதி வேலை இந்தக் கீறலிலேயே முடிந்துவிடுகிறது.

ரம்பம் தின்னும் மரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கை ரம்பத்தின் தடம் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ.; 10 அங்குல வட்ட ரம்பத்தின் தடம் ஏறக்குறைய 3 மி.மீ. எனவே அதில் 6 மி.மீ. பட்டை ஒன்றுக்குப் பலகையில் 9 மி.மீ. செலவாகும். 150 மி.மீ. அகலப் பலகையில் 6 மி.மீ. பட்டை 25 கிடைக்கும் என்று வகுத்துப் பார்ப்பவர், 16-தான் கிடைக்கும் என்பதை அறுத்த பிறகே உணர்கிறார். அந்த 16-ஐயும் எடுத்தே தீருவது என்று இறங்குவதில் உள்ள ஆபத்து பின்னர் விளக்கப்படுகிறது.

== கை ரம்பம் ==

நீளத்தைக் குறைக்கும் குறுக்கு வெட்டுக்குக் கை ரம்பமே போதும். ஒரு வீட்டுக் கதவுக்கோ அலமாரிக்கோ தேவையான பட்டைகளைக் கையால் வெட்ட ஆகும் நேரம், மின்பொறியை எடுத்து வைத்துக் கம்பி இழுக்கும் நேரத்தைவிடப் பெரிதாக அதிகமில்லை. முதுகில் இரும்புப் பட்டை பதித்த, அங்குலத்துக்கு 14 பல்லுக்குக் குறையாத சிறு ரம்பம் இதற்கு ஏற்றது. பெரிய பல் ரம்பம் மெல்லிய பட்டையைக் கவ்வி இழுக்கும். பட்டை நடுங்கி, அடிப்பக்கம் பிளந்து வரும்.

மரபுவழித் தச்சர்கள் தரையில் குந்தி, மரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு அறுப்பது வழக்கம். பெரிய பலகைக்கு அது நன்றாகவே பயன்பட்ட முறை. பட்டைக்கு அது பொருந்தாது. கால் விரலுக்கும் ரம்பத்துக்கும் இடையில் இடமே இருக்காது. அதற்குப் பதிலாக ஒரு சிறு அறுப்புப் பலகை செய்துகொள்ளலாம். ஒரு சாண் அகலமுள்ள பலகையின் ஒரு முனையில் மேற்புறமும், எதிர் முனையில் அடிப்புறமும் ஒவ்வொரு கட்டையை அடித்தால் போதும். அடிக்கட்டை மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மேற்கட்டையில் பட்டையை அண்டக்கொடுத்து ஒரு கையால் அழுத்திப் பிடிக்கலாம். பட்டைக்கு அடியில் பலகை இருப்பதால் கடைசி நாரும் பெயராமல் அறும்.

ரம்பத்தைத் தொடங்கும்போது முதல் இழுப்பைத் தன் பக்கமாக மெதுவாக இழுத்துத் தடம் உண்டாக்க வேண்டும். கட்டைவிரலைப் பல்லின் மேல் அண்டக்கொடுக்காமல், பல்லுக்கு மேலுள்ள தகட்டின் பக்கத்தில் அண்டக்கொடுப்பது முறை. முடியும் தறுவாயில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மழுங்கிய ரம்பத்தில் அழுத்தம் கூடும்; அழுத்தம் கூடினால் கை வழுக்கும். முக்கோண அரத்தால் பல்லைக் கூர்தீட்டி வைப்பதும் பாதுகாப்பைச் சேர்ந்ததே.

== கல் வெட்டும் பொறி ==

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிரானைட் வெட்டும் தொழிலும் தரைக்கல் பதிக்கும் வேலையும் பரவலாக இருப்பதால், 'மார்பிள் கட்டர்' எனப்படும் சிறு பொறியும் கிரைண்டரும் எங்கும் கிடைக்கின்றன. விலையும் குறைவு. எனவே அவற்றில் வைரப் பிளேடைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுவது வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும், வேலை தேடித் தருமபுரியிலிருந்து பலர் செல்லும் பெங்களூரிலும் இதைக் காணலாம். விரல் இழப்புக்கு நேர்வழியான பழக்கம் இது என்று சொல்வது மிகையாகாது.

காரணம் பொறியின் அமைப்பிலேயே உள்ளது. மரத்துக்கென்று செய்யப்பட்ட கைவட்ட ரம்பத்தில், அடிப்பகுதியில் சுருள்வில் பொருத்திய ஒரு மூடி இருக்கும். மரத்திலிருந்து பொறியைத் தூக்கிய உடனே அது தானாகவே பிளேடை மூடிக்கொள்ளும். கல் பொறியில் அந்த மூடி இல்லை. மேல்பாதி மட்டுமே மூடப்பட்டிருக்கும். கல்லை உரசும் வைரத் தகட்டுக்கு அது போதும். பல் பிளேடோ பொறியை நிறுத்திய பின்னும் சில நொடிகள் திறந்தபடியே சுழன்றுகொண்டிருக்கும். கிரைண்டரில் நிலைமை இன்னும் மோசம். பல் உள்ள ரம்பத் தகட்டை மாட்டக்கூடாது என்று கிரைண்டருடன் வரும் கையேடுகளே எச்சரிக்கின்றன.

வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 4 அங்குல, அதாவது 100 மி.மீ. விட்டமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 11,000 முறை சுழன்றால், அதன் பல் நொடிக்கு ஏறக்குறைய 57 மீட்டர் கடக்கிறது. இது மணிக்கு 200 கி.மீ.க்கு மேல். மனிதர் ஒன்றை உணர்ந்து கையை இழுக்க ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். அந்த நேரத்தில் பிளேடு 36 முறை சுழன்றுவிடும். 30 பல் பிளேடானால் ஆயிரம் பற்களுக்கு மேல் அந்த இடத்தைக் கடந்திருக்கும். 'தொட்டால் உடனே எடுத்துவிடலாம்' என்ற நம்பிக்கைக்கு இடமே இல்லை.

கைவட்ட ரம்பத்தை முறையாகப் பயன்படுத்தும்போது இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அதன் பல் மரத்தைக் கீழிருந்து மேலாக அறுக்கிறது. எனவே சிலாம்பு மேற்பக்கம் பெயரும். நல்ல முகத்தைக் கீழாக வைத்து அறுப்பது இதனால்தான். மேசை ரம்பத்தில் பல் மேலிருந்து கீழே இறங்குவதால் நல்ல முகம் மேலே இருக்க வேண்டும். இவ்விரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு நல்ல பலகையைப் பாழாக்குவது தொடக்கநிலையில் சாதாரணம்.

== மேசை ரம்பமும் கடைசிப் பட்டையும் ==

பலகையிலிருந்து நீளவாக்கில் பட்டை பிளக்க மேசை ரம்பமே ஏற்றது. மர அறுவை மில்லில் கூலி கொடுத்துப் பிளந்து வாங்குவதும் உண்டு. சிறு வேலைக்கு அதுவே சிக்கனம். வேலையிடத்தில் சிலர் ஒட்டுப்பலகையில் ஒரு துளையிட்டு, கைப்பொறியைத் தலைகீழாக அடியில் கட்டி மேசை ரம்பம் செய்துகொள்கின்றனர். மூடி, வழிகாட்டிக் கட்டை, அவசர நிறுத்தி ஆகிய எதுவும் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. சுவிட்சு அழுத்திய நிலையில் பூட்டப்பட்டிருப்பதால், மின்சாரம் போய் மீண்டும் வரும்போது யாரும் தொடாமலே பிளேடு சுழலத் தொடங்கும். மின்வெட்டு நேர்ந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பிளேடு மாற்றும்போதும் அப்படியே.

மேசை ரம்பத்தின் பெரிய ஆபத்து உதைப்பு ஆகும். பிளேடின் முன்பல் கீழிறங்கும், பின்பல் மேலெழும். அறுபட்ட மரம் உள்ளிறுக்கத்தால் மூடிக்கொண்டு பின்பல்லைக் கவ்வினால், பல் அதைத் தூக்கி அறுப்பவரை நோக்கி எறியும். மரத்தை அழுத்திக்கொண்டிருந்த கை, மரம் போன வெற்றிடத்தில் பிளேடின் மேல் விழும். இதைத் தடுக்கவே பிளேடின் பின்னால், அதன் தடத்துக்குள் நிற்கும் ஒரு பிரிதகடு பொருத்தப்படுகிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்யக்கூடாது. நிற்பதும் பிளேடுக்கு நேர்கோட்டில் இல்லாமல், ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும்.

மெல்லிய பட்டை, வழிகாட்டிக் கட்டைக்கும் பிளேடுக்கும் நடுவில் வரும்படி அறுத்தால், அது இரண்டுக்கும் இடையில் சிக்கி அம்புபோல் பின்னோக்கிப் பாயும். எனவே அகலமான பலகை கட்டையை ஒட்டியும், பட்டை மறுபக்கம் விடுபட்டு விழும்படியும் அறுப்பதே பாதுகாப்பு. ஒவ்வொரு பட்டைக்கும் கட்டையை நகர்த்த வேண்டியிருக்கும். அளவு மாறாமலிருக்க, பிளேடுக்குச் சற்று முன்பாக ஒரு சிறு தடுப்புத் துண்டை மேசையில் இறுக்கி, பலகை விளிம்பு அதைத் தொடும்வரை கட்டையைத் தள்ளிக்கொள்ளலாம்.

பலகை குறைந்துகொண்டே வரும்போதுதான் விரல்கள் போகின்றன. மேலே சொன்ன 150 மி.மீ. பலகையில் 11 பட்டைகள் எடுத்த பின் 51 மி.மீ. மீதமிருக்கும். அதாவது 2 அங்குலம். கையைத் தள்ளிவைத்துப் பிடிக்க இடமிருக்கும் கடைசி அளவு அது. அதற்குக் கீழே பொறியில் வைக்கக்கூடாது. எஞ்சிய 5 பட்டைகளுக்கு ஆசைப்படுவது ஒரு அடி மரத்தின் விலையைக் காக்க விரலைப் பணயம் வைப்பதற்குச் சமம். மீந்த துண்டைக் கை ரம்பத்தால் பிளக்கலாம். கூரைச் சட்டத்துக்கோ ஆப்புக்கோ வைத்துக்கொள்ளலாம். பலகையின் கடைசி ஒரு சாணைத் தள்ளுவதற்குக் கையைப் பயன்படுத்தாமல், நுனியில் பள்ளம் வெட்டிய தள்ளுகோலைப் பயன்படுத்த வேண்டும். ஒட்டுப்பலகைக் கழிவில் பத்து நிமிடத்தில் செய்துவிடக்கூடிய பொருள் அது. நீளம் குறைந்த பட்டைகள் தேவைப்படும்போதும் நீளமாகவே பிளந்து, பிறகு கை ரம்பத்தால் நறுக்க வேண்டும். ஒரு சாண் பலகையை மேசை ரம்பத்தில் பிளக்க முயல்வது கூடாது.

உடையிலும் கவனம் தேவை. சுழலும் பொறியில் கையுறை பாதுகாப்பன்று. பல் அதைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும். தோளில் தொங்கும் துண்டு, மடித்துக் கட்டிய லுங்கியின் தொங்கல், மணிக்கட்டில் கட்டிய கயிறு, மோதிரம் ஆகியவையும் அப்படியே. கோயில் கயிற்றை அவிழ்க்க மனமில்லாதவர்கள் அதன் மேல் இறுக்கமான முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடிக் கவசம் கட்டாயம்.

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் உருவாக்கிய ஒரு மேசை ரம்பம், பிளேடு தோலைத் தொட்டதை மின்னோட்ட மாறுபாட்டால் உணர்ந்து, ஏறக்குறைய 5 மில்லிநொடியில் பிளேடை நிறுத்திவிடும். சிறு பட்டறைகள் வாங்கக்கூடிய விலையில் அது இல்லை.

== மூலைவெட்டு ==

இரு பட்டைகள் மூலையில் சேரும்போது ஒவ்வொன்றையும் 45 பாகையில் வெட்டிச் சேர்ப்பது மூலைவெட்டு, அல்லது மைட்டர். இதற்கு மரத்தாலான மைட்டர் பெட்டி போதும். ஒரு பலகையைச் சுற்றி லிப்பிங் ஒட்டும்போது பட்டையின் உள்விளிம்பு பலகையின் நீளத்துக்குச் சமமாகவும், வெளிவிளிம்பு இருபுறமும் பட்டையின் கனம் அளவு கூடுதலாகவும் இருக்க வேண்டும். 600 மி.மீ. பலகைக்கு 6 மி.மீ. பட்டையின் வெளிநீளம் 612 மி.மீ. எப்போதும் அரை மி.மீ. நீளமாக வெட்டி, உப்புத்தாளிலோ இழைப்புளியிலோ தேய்த்துச் சேர்ப்பது நல்லது. பழைய சுவரின் மூலை சரியாக 90 பாகை இருப்பது அரிது. இருப்பதை அளந்து அதன் பாதியை வெட்ட வேண்டும்.

கச்சிதமாகச் சேர்ந்த மூலையும் கோடையில் திறந்துகொள்வதுண்டு. மரம் உலரும்போது அகலத்தில் சுருங்கும். நீளத்தில் ஏறக்குறையச் சுருங்குவதில்லை. அதனால் 45 பாகையாக இருந்த கோணம் குறைந்து, மூலையின் உட்பக்கம் விரிகிறது. 50 மி.மீ. அகலப் பட்டை 2 விழுக்காடு சுருங்கினால் உள்மூலையில் ஏறக்குறைய 1.4 மி.மீ. இடைவெளி வரும். அரை நூலுக்கு அது குறைவுதான், ஆனாலும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் வாங்கிய பச்சை மரத்தை உடனே பொருத்திவிட்டு, தருமபுரியின் பங்குனி, சித்திரை வெயிலில் தச்சரைக் குறை சொல்வதில் பயனில்லை. பட்டைகளை வேலை நடக்கும் வீட்டுக்குள்ளேயே, இடையிடையே துண்டு வைத்து அடுக்கிச் சில வாரங்கள் ஆறவிட வேண்டும். அகலமான பட்டைக்கு மூலைவெட்டைத் தவிர்த்து நேர்வெட்டில் சேர்த்தால் இந்தச் சிக்கல் குறையும்.

== தூசி ==

உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது நுண்தூளைத் தடுக்காது. அதற்கான முகக்கவசம் வேண்டும்.

== விரல் துண்டானால் ==

முதலில் பொறியை நிறுத்த வேண்டும். காயத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்தி, கையை இதயத்துக்கு மேலாக உயர்த்திப் பிடிக்க வேண்டும். வீக்கம் வருவதற்குள் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக்கூடாது. பின்னால் அறுவைச் சிகிச்சை செய்பவருக்கு அது பெருந்தடையாகும்.

துண்டான பகுதியை மரத்தூளோடு பெருக்கித் தள்ளிவிடாமல் தேடி எடுக்க வேண்டும். சுத்தமான நீரில் அலசி, ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி போட்ட நீரில் வைக்க வேண்டும். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக்கூடாது. திசு உறைந்து செத்துவிடும். குளிர்ச்சியில்லாமல் ஏறக்குறைய 12 மணி நேரமும், குளிர்ச்சியில் 24 மணி நேரமும் விரல் தாங்கும் என்பது பொதுக்கணக்கு. 108-ஐ அழைத்து, விரலை ஒட்டவைக்கும் வசதியுள்ள மருத்துவமனை எது என்று அப்போதே கேட்பது நேரத்தை மிச்சப்படுத்தும். தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஏறக்குறைய 65 கி.மீ. தொலைவில் சேலத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. கை அறுவைச் சிகிச்சைக்கு நாடறிந்த பிரிவு சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் இருக்கிறது.

== இழப்பீடு ==

1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, ஒவ்வொரு விரலுக்கும் வருவாய்த் திறன் இழப்பை விழுக்காட்டில் வரையறுத்தது. கட்டைவிரல் 30, முழுச் சுட்டுவிரல் 14, நடுவிரல் 12, மோதிரவிரல் அல்லது சுண்டுவிரல் 7. பொதுவான உழைப்பாளிக்கு இது பொருந்தலாம். உளியையும் கொட்டாப்புளியையும் பிடித்துப் பிழைப்பவருக்குக் கட்டைவிரலின் இழப்பு 30 விழுக்காட்டோடு நிற்பதில்லை.

இந்த இழப்பீடு வேலைக்கு அமர்த்தியவர் தருவது. சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் தச்சருக்கு அப்படி ஒருவர் இல்லை. தொழிற்சாலைச் சட்டம், 1948-இன் 21-ஆம் பிரிவு ஆபத்தான பொறிப் பகுதிகளுக்கு வேலியிடச் சொன்னது. ஆனால் மின்பொறியுடன் 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களையே அச்சட்டம் பொதுவாகக் கருதியது. மூன்று, நான்கு பேர் வேலை செய்யும் பட்டறைகள் அதற்கு வெளியே நின்றன. கட்டுமான இடங்களில் வேலை செய்யும் தச்சர்கள், 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்தில் உயிரிழப்பு, உறுப்பு இழப்பு நேர்ந்தால் வாரியத்தின் உதவி, பதிவு நடப்பில் உள்ளவர்களுக்குக் கிடைக்கும். காலம் கடந்த அட்டையைப் புதுப்பிக்க மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தை அணுகலாம்.